செல்லைக் கண்டுபிடித்தது எந்த ‘ஹூக்’?

கேள்வி இது: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளின் பாடப்புத்தகம், செல்லைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் ஹூக் என்கிறது. பள்ளி வினாடி வினாவில் அவள் ‘லீவன்ஹூக்’ என்று சொன்னதற்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டார்களாம். இரண்டில் எது சரி? 1665-லேயே கண்டுபிடித்தாகிவிட்டது என்றால், தாவரமும் விலங்கும் செல்களால் ஆனவை என்னும் செல் கொள்கை வர 1839 வரை ஏன் ஆனது?

குழப்பத்தில் பாதி பெயரால் வந்தது. தமிழில் எழுதினால் இரண்டும் ‘ஹூக்’ என்று முடிந்து அண்ணன் தம்பி மாதிரி நிற்கின்றன. நான் தாவரவியல் பாடம் எடுத்த காலத்தில், விடைத்தாள்களில் ‘ராபர்ட் லீவன்ஹூக்’ என்ற மூன்றாவது விஞ்ஞானியையும் சந்தித்திருக்கிறேன். ஒருவர் லண்டன்காரர், இன்னொருவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துக்காரர். சமகாலத்தவர்கள்தான். ஒருவர் கண்டதை இன்னொருவர் சரிபார்த்தும் இருக்கிறார். உங்கள் கேள்விக்கான பதில் அந்த உறவுக்குள்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் நுண்ணோக்கி. ‘1590-இல் ஜான்சன் கண்டுபிடித்தார்’ என்று பல புத்தகங்களில் பார்க்கலாம். அந்தக் கதைக்கு ஆதாரம், 1655-இல் அவருடைய மகன் கொடுத்த வாக்குமூலம். 1590-இல் ஜக்காரியாஸ் ஜான்சன் சிறுவன். அதை நம்பிப் பிழைப்பு நடத்த முடியாது. உறுதியாகச் சொல்ல முடிந்தது இதுதான்: 1620-ஐ ஒட்டி லண்டனில் கார்னெலிஸ் டிரெபெல் என்ற டச்சுக்காரரிடம் இரண்டு வில்லை வைத்த கருவி இருந்தது, கலிலியோவும் ஒன்று செய்தார், 1625-இல் இத்தாலியில் ஜொவான்னி ஃபாபர் அதற்கு ‘மைக்ரோஸ்கோப்’ என்று பெயர் வைத்தார். அதே ஆண்டில் அவருடைய நண்பர் ஸ்டெல்லுட்டி தேனீயின் உறுப்புகளைப் பெரிதாக்கி வரைந்த படம் வெளியானது. அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் இந்தக் கருவி பெரும்பாலும் பெரிய மனிதர்கள் தெள்ளுப்பூச்சியைப் பார்த்து வியக்கும் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது.

ஹூக் அதை வேலைக்கு எடுத்தார். 1635-இல் வைட் தீவில் பிறந்தவர். 1662 முதல், லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் பரிசோதனைப் பொறுப்பாளர். ஒவ்வொரு கூட்டத்திலும் உறுப்பினர்கள் முன்னால் ஏதாவது ஒரு சோதனையைச் செய்து காட்டுவது அவர் வேலை. அப்படிக் காட்டியவற்றோடு மேலும் பலவற்றைச் சேர்த்து, 1665-இன் தொடக்கத்தில் ‘மைக்ரோகிராஃபியா’ என்ற பெரிய புத்தகமாக வெளியிட்டார். மடித்து வைத்திருக்கும் பக்கத்தைப் பிரித்தால் தெள்ளுப்பூச்சி பூனை அளவுக்கு நிற்கும். லண்டன் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பெப்பிஸ் அதை வாங்கி, இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து படித்ததாக நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் புத்தகத்தின் 18-ஆவது அவதானிப்புதான் உங்கள் மகளின் பாடத்தில் வரும் தக்கை. சவரக்கத்தி போலத் தீட்டிய பேனாக்கத்தியால் ஒரு தக்கைத் துண்டிலிருந்து மிக மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தார். தக்கை வெளிறிய நிறம் என்பதால் கறுப்புத் தட்டின் மேல் வைத்தார். ஒரு தடித்த வில்லையால் அதன் மீது ஒளியைக் குவித்தார். தேன்கூடு போலத் துளைத் துளையாகத் தெரிந்தது. ஆனால் தேன்கூட்டின் ஒழுங்கு இல்லை. ஒவ்வொரு துளையும் ஆழமான குழாயாக ஓடாமல், குறுக்குத் தடுப்புகளால் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரிந்திருந்தது. இவற்றைத்தான் ‘செல்’ என்றார். துறவிகளின் சிற்றறை நினைவுக்கு வந்து அப்படிப் பெயர் வைத்தார் என்று வகுப்பில் நானும் சொல்லியிருக்கிறேன். பிறகு மூலத்தைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. அங்கே அவர் எடுக்கும் உவமை தேன்கூடு. துறவி எங்கும் வரவில்லை. தேனடையின் அறைக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான்.

அடுத்து அவர் செய்ததைத்தான் பாடப்புத்தகங்கள் விட்டுவிடுகின்றன. அவர் எண்ணினார். ஓர் அங்குலத்தில் பதினெட்டில் ஒரு பங்கு நீளத்துக்குள் ஏறத்தாழ 60 அறைகள். அப்படியானால் ஓர் அங்குலத்தில் 1,080. சதுர அங்குலத்தில் 11,66,400. கன அங்குலத்தில் 125 கோடியே 97 லட்சத்து 12 ஆயிரம். நுண்ணோக்கியே கண்ணால் காட்டாவிட்டால் நம்ப முடியாத எண்ணிக்கை என்று அவரே எழுதுகிறார். வகுத்துப் பார்த்தால் ஓர் அறை ஒரு மில்லிமீட்டரில் நாற்பத்திரண்டில் ஒரு பங்கு வரும். இன்று தக்கைச் செல்லுக்குச் சொல்லும் அளவிலிருந்து அது வெகுதூரம் இல்லை. கையில் பேனாக்கத்தியும் எண்ணெய் விளக்கும் வைத்திருந்த மனிதரின் கணக்கு இது.

எண்ணியதற்கு ஒரு காரணமும் உண்டு. தக்கை ஏன் இவ்வளவு இலேசு, ஏன் மிதக்கிறது, அழுத்தினால் ஏன் அமுங்கி மறுபடி எழும்புகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. காற்று அடைபட்ட பெட்டிகள் என்ற விடை கிடைத்ததும் அவருக்குத் திருப்தி. உயிரின் அடிப்படை அலகைத் தேடி அவர் கத்தியை எடுக்கவில்லை.

‘ஹூக் பார்த்தது இறந்த செல்லை மட்டும்தான்’ என்று ஒரு வரி எல்லா வழிகாட்டி நூல்களிலும் இருக்கும். அதுவும் முழு உண்மை இல்லை. எல்டர் மரத்தின் நெட்டி, காரட், பெருஞ்சீரகத் தண்டு, பெரணி என்று பலவற்றை வெட்டிப் பார்த்திருக்கிறார். பச்சையாக இருக்கும்போது அந்த அறைகள் சாற்றால் நிறைந்திருப்பதையும் தெளிவாக எழுதியிருக்கிறார். ஆனால் அவர் மனம் போன திசை வேறு. விலங்குகளின் இதயத்திலும் நாளங்களிலும் வால்வுகள் இருப்பதுபோல, இந்த அறைகளுக்கு நடுவிலும் சாறு போய்வர வால்வு இருக்க வேண்டும் என்று தேடினார். கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டாலும் இயற்கை ஏதோ வழி வைத்திருக்கும் என்று முடித்துக்கொண்டார். அவருக்குச் செல் என்பது குழாயில் ஒரு கணு.

சொல் பற்றி ஒரு சின்ன விலகல். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் ‘செல்’, ‘உயிரணு’. இலங்கைப் பாடநூல்களில் ‘கலம்’. கலம் என்றால் பாத்திரம், கொள்ளும் பொருள். ஹூக் சொன்ன ‘சின்னப் பெட்டி’க்கு மிக அருகில் வரும் சொல் அதுதான். எனக்கு அதன் மேல் ஒரு பொறாமையே உண்டு.

இனி அதே புத்தகத்தின் முன்னுரைக்கு வாருங்கள். ஹூக் பயன்படுத்தியது பல வில்லைகள் கொண்ட கூட்டு நுண்ணோக்கி. லண்டன் கருவித் தொழிலாளி கிறிஸ்டோபர் காக் செய்து கொடுத்தது. அதில் ஒரு பெரிய குறை. அன்றைய வில்லைகள் ஒளியை வானவில்லாகப் பிரித்துவிடும். எந்தப் பொருளின் விளிம்பிலும் சிவப்பும் நீலமும் ஒழுகும். வில்லை கூடக் கூட அந்தப் பிழையும் பெருகும். இது ஹூக்குக்குத் தெரியும். அதனால் முன்னுரையில் ஒரு மாற்று வழியும் எழுதினார்: தெளிவான வெனிஸ் கண்ணாடித் துண்டை விளக்குச் சுடரில் காட்டி இழையாக இழு, இழையின் நுனியை மறுபடி சுடரில் பிடி, அது உருகிச் சுருண்டு குண்டுமணி போல உருளும், ஒரு பக்கம் தேய்த்து மெருகேற்று, மெல்லிய தகட்டில் ஊசித் துளை போட்டு மெழுகால் ஒட்டு. இந்த ஒற்றை வில்லை தன் பெரிய கருவியைவிடத் தெளிவாகக் காட்டும் என்றும் சொன்னார். கூடவே, பயன்படுத்தத் தொல்லை என்றும் எழுதினார்; கண்ணை உறுத்துகிறது, அதனால் நான் இதை வைத்துக்கொள்ளவில்லை என்று பின்னாளில் விளக்கினார்.

உறுத்தல் உண்மைதான். ஒருமுறை ஆய்வகத்தில் ஸ்பிரிட் விளக்கை வைத்து மாணவர்களோடு செய்து பார்த்தோம். பத்துக் குண்டு உருக்கினால் ஒன்று தேறும்; மற்றவற்றில் காற்றுக் குமிழி. கணக்கு எளிது: சாதாரணக் கண்ணாடியில் குண்டின் குவியத் தூரம் அதன் விட்டத்தில் முக்கால் பங்கு. 2 மில்லிமீட்டர் குண்டு ஏறத்தாழ 165 மடங்கு பெரிதாக்கும். 1 மில்லிமீட்டர் குண்டு 330 மடங்கு. குண்டு சிறுத்தால் காட்சி பெருக்கும். ஆனால் கண்ணும் பொருளும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், இமை முடி உரசும். வெங்காயத் தோலில் செல் சுவர் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் கண்ணில் தண்ணீர்.

அந்தத் தொல்லையை ஐம்பது வருடம் பொறுத்துக்கொண்டவர் ஆண்டனி வான் லீவன்ஹூக். 1632-இல் டெல்ஃப்டில் பிறந்தவர், தொழில் துணிக்கடை, பிறகு நகராட்சியில் ஒரு சிறிய பதவி. பல்கலைக்கழகம் பக்கம் போனதில்லை. லத்தீன் தெரியாது, தெரிந்தது டச்சு மட்டும். அவருடைய கருவியைப் படத்தில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்: விரல் நீளப் பித்தளைத் தகடு இரண்டு, நடுவில் கடுகளவு வில்லை, பொருளைக் குத்தி வைக்க ஓர் ஊசி, அதைத் திருக ஒரு திருகாணி. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துக் கண்ணோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். இப்படி ஐந்நூறுக்கு மேல் வில்லைகள் செய்தார். எப்படிச் செய்கிறார் என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை. மிகச் சிறந்தவற்றை யாருக்கும் காட்டவும் இல்லை. உட்ரெக்ட்டில் இருக்கும் ஒரு கருவி ஏறத்தாழ 270 மடங்கு பெரிதாக்கும்.

அந்த உட்ரெக்ட் கருவியின் ரகசியம் 2021-இல்தான் வெளிவந்தது. தகடுகளைப் பிரித்தால் கெட்டுவிடும் என்பதால், டெல்ஃப்டில் நியூட்ரான் கற்றையைச் செலுத்தி உள்ளே இருக்கும் வில்லையின் வடிவத்தைப் படம் பிடித்தார்கள். எல்லோரும் அது பிரத்யேகமாகத் தேய்த்த வில்லை என்று நினைத்திருந்தார்கள். இருந்தது சுடரில் உருக்கிய குண்டு. ஹூக் முன்னுரையில் எழுதிவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கினாரே, அதே வகை. (அவருடைய எல்லா வில்லைகளும் அப்படி இல்லை, சோதித்த இன்னொரு குறைந்த திறன் கருவியில் தேய்த்த வில்லைதான் இருந்தது.) லீவன்ஹூக் ‘மைக்ரோகிராஃபியா’வைப் பார்த்திருப்பார் என்று நினைக்க வேறு காரணமும் உண்டு. 1673-இல் ராயல் சொசைட்டிக்குப் போன அவருடைய முதல் கடிதத்தில் பூஞ்சணம், தேனீயின் கொடுக்கு, பேன் பற்றி எழுதுகிறார். எல்லாம் ஹூக் ஏற்கெனவே வரைந்தவை. அடுத்த ஆண்டுக் கடிதத்தோடு தாள் பொட்டலங்களில் தானே வெட்டிய சீவல்களை அனுப்பினார். அதில் ஒன்று தக்கை, இன்னொன்று எல்டர் நெட்டி. அந்தப் பொட்டலங்கள் கடிதத்தோடு ஒட்டியபடியே மூன்று நூற்றாண்டு கிடந்து, 1981-இல் பிரையன் ஃபோர்டு என்ற ஆய்வாளர் கையில் அகப்பட்டன.

1674-இல் லீவன்ஹூக் டெல்ஃப்டுக்குப் பக்கத்து ஏரித் தண்ணீரில் பச்சைச் சுருள் இழைகளையும் நீந்தும் நுண்ணுயிர்களையும் பார்த்தார். அதே ஆண்டில் ரத்தச் சிவப்பணுக்களையும் விவரித்தார். சிவப்பணுவை அவருக்கு முன் ஸ்வாம்மெர்டாம் என்ற இன்னொரு டச்சுக்காரர் பார்த்துவிட்டார் என்பது தனிக்கதை. பிறகு வந்தது மிளகு. மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்பது அவருடைய சந்தேகம். நாக்கைக் குத்தும் முள் ஏதாவது இருக்குமோ என்று தண்ணீரில் ஊறப் போட்டார். முள் இல்லை. சில நாள் கழித்து அந்தத் தண்ணீர் முழுக்க உயிர்கள் நெளிந்தன. ஒரு துளியில் பத்து லட்சத்துக்கு மேல் என்று கணக்குப் போட்டார். 1676 அக்டோபர் 9 தேதியிட்ட நீண்ட கடிதத்தில் எல்லாம் இருக்கிறது. மனிதர் பாக்டீரியாவைப் பற்றி எழுதிய முதல் ஆவணம் அது என்று பொதுவாக ஒப்புக்கொள்கிறார்கள். ரசத்துக்குத் தட்டிப்போடும் அதே மிளகுதான். கப்பலேறி அங்கே போனது.

லண்டனில் யாரும் நம்பவில்லை. தாவர உள்ளமைப்பில் பெரிய ஆளான நெஹமையா க்ரூ முயன்று பார்த்தார், எதுவும் தெரியவில்லை. லீவன்ஹூக் தன் பங்குக்குப் பாதிரியார்கள், ஒரு நோட்டரி உள்பட எட்டுப் பேரை அழைத்துக் காட்டிச் சாட்சிக் கையெழுத்து வாங்கி அனுப்பினார். கடைசியில் பொறுப்பு ஹூக் தலையில் விழுந்தது. அவர் தன் பழைய முன்னுரைக் குறிப்பைத் தூசி தட்டி எடுத்தார். மிக மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் தண்ணீரை ஏற்றி, ஒற்றை வில்லையால் பார்த்தார். 1677 நவம்பர் 15 அன்று கூட்டத்தில் இருந்தவர்கள், கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் உள்பட, மிளகுத் தண்ணீரில் அவை அசைவதைக் கண்ணால் பார்த்தார்கள். 1680-இல் லீவன்ஹூக் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை.

ஹூக்கை எல்லோரிடமும் சண்டைக்குப் போகும் சிடுமூஞ்சி என்று சித்திரிப்பது வழக்கம். நியூட்டனோடு சண்டை போட்டது உண்மைதான். ஆனால் இந்த இடத்தில், தன்னைவிட அதிகம் பார்த்துவிட்ட ஒரு வெளியூர் துணிக்கடைக்காரருக்காக உட்கார்ந்து கண்ணாடி உருக்கியவரும் அவரே. இது பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டிய வரி.

லீவன்ஹூக் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. விந்தணு, தசை நார், 1683-இல் தன் பல்லிடுக்கு அழுக்கில் பாக்டீரியா. பல்லே விளக்காத ஒரு கிழவர் வாயில் கண்ட கூட்டத்தைப் பார்த்து அவர் திகைத்ததைப் படித்தால் இன்றும் ஓடிப்போய் வாய் கொப்பளிக்கத் தோன்றும். மீனின் சிவப்பணுவுக்குள் ஒரு வெளிறிய புள்ளியையும் வரைந்து வைத்தார். அது உட்கரு, அதாவது நியூக்ளியஸ். அதற்குப் பெயரும் வைக்கவில்லை, மேலே எதுவும் கேட்கவும் இல்லை. 1723-இல், 90 வயதில் காலமானார்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வரலாம். ஹூக் சுவரைப் பார்த்தார், அதற்குச் செல் என்று பெயர் வைத்தார். லீவன்ஹூக் உயிருள்ள செல்களையே, நீந்துவதையும் மிதப்பதையும் பார்த்தார். ஆனால் அவருக்கு அவை ‘குட்டி விலங்குகள்’, ‘உருண்டைகள்’. தக்கையின் அறையும் ரத்தத்தின் உருண்டையும் குளத்தின் குட்டி விலங்கும் ஒரே வகைப் பொருள் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. தோன்ற வழியும் இல்லை.

இவர்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவர் இத்தாலியின் பொலோனா நகரத்து மருத்துவர் மல்பிகி. 1661-இல் தவளை நுரையீரலில் நுண்நாளங்களைக் கண்டார். ரத்தம் சுற்றி வருகிறது என்று ஹார்வி 1628-இல் சொன்னதில் விடுபட்டிருந்த கண்ணி அது. ஹார்வி அதைப் பார்க்க உயிரோடு இல்லை. மல்பிகியும் க்ரூவும் 1670-களில் தாவர உள்ளமைப்பை விரிவாக வரைந்தார்கள். க்ரூ அதை, பெண்கள் பின்னும் சரிகை வலையோடு ஒப்பிட்டார். செல்லை அவர் தனிப் பொருளாகப் பார்க்கவில்லை; நெசவில் விழும் இடைவெளியாகப் பார்த்தார்.

அதன் பிறகு அந்த நீண்ட இடைவேளை. 1692-லேயே ஹூக், நுண்ணோக்கிக்கு இப்போது லீவன்ஹூக் என்ற ஒரே ஒரு பக்தர்தான் மிச்சம் என்று புலம்பியிருக்கிறார். லீவன்ஹூக்கின் திறமை அவரோடு போய்விட்டது, வாரிசு கிடையாது. கூட்டு நுண்ணோக்கியின் வண்ணப் பிழை அப்படியே கிடந்தது. 1830-இல் லண்டன் மது வணிகர் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர், வெவ்வேறு வகைக் கண்ணாடியில் செய்த வில்லைகளை எந்த இடைவெளியில் வைத்தால் பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்று கணக்கிட்டுக் காட்டினார். (கிருமிநாசினி அறுவைச் சிகிச்சையைக் கொண்டுவந்த லிஸ்டர் இவருடைய மகன்.) கருவி மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ‘செல்’ என்ற சொல்லே வழியை மறித்தது. அறை என்றால் சுவர் வேண்டும். விலங்குச் செல்லுக்குச் சுவர் கிடையாது. சாயம் ஏற்றும் பழக்கம் வராத காலத்தில் அதன் எல்லை கண்ணுக்கே படாது. தாவரத்தில் இருப்பது விலங்கிலும் இருக்கிறதா என்று கேட்க, சுவரை விட்டுவிட்டு வேறு அடையாளம் ஒன்று தேவைப்பட்டது.

அதைக் கொடுத்தவர் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன். 1831-இல் ஆர்க்கிட் செடிகளின் செல்களில் ஓர் உருண்டை தவறாமல் இருப்பதைக் கவனித்து ‘நியூக்ளியஸ்’ என்று பெயரிட்டார். அவரும் விரும்பிப் பயன்படுத்தியது ஒற்றை வில்லைதான்! 1837-இல் பெர்லினில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், ஷ்லைடன் என்ற தாவரவியலாளர் தாவரச் செல்லின் உட்கரு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த தியோடர் ஷ்வானுக்கு, தவளைக் குஞ்சின் முதுகுநாணில் இதே உருண்டையைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. இருவரும் எழுந்துபோய் ஆய்வகத்தில் பார்த்தார்கள். தாவரங்கள் செல்களால் ஆனவை என்று 1838-இல் ஷ்லைடன் எழுதினார். 1839-இல் ஷ்வான் விலங்குக்கும் சேர்த்து எழுதினார்.

அவர்களும் ஒரு பெரிய தவறு செய்தார்கள்: உப்புக் கரைசலில் படிகம் விளைவதுபோல, திரவத்திலிருந்து புதுச் செல் விளைகிறது என்றார்கள். இல்லை, செல் பிரிந்துதான் செல் வருகிறது என்று கோழிக் கருவில் பார்த்து 1852-இல் உறுதியாகச் சொன்னவர் ராபர்ட் ரெமாக். யூதர் என்பதால் பிரஷ்யாவில் முழுப் பேராசிரியர் பதவியே கிடைக்காதவர். 1855-இல் அதே கருத்தை ருடால்ஃப் விர்ஷோ லத்தீன் வாசகமாகச் சொன்னார், ரெமாக்குக்கு உரிய பங்கைக் கொடுக்காமல். பாடத்தில் இருப்பது விர்ஷோவின் பெயர்.

உங்கள் மகள் தேர்வில் ‘ராபர்ட் ஹூக், 1665’ என்றே எழுதட்டும். ‘உயிருள்ள செல்லை’ என்று கேள்வியில் இருந்தால் லீவன்ஹூக், 1674. வினாடி வினாவில் கிடைத்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆல்பத்தில் படம் ஒட்டச் சொன்னால் மட்டும் கொஞ்சம் கவனம். லீவன்ஹூக்குக்கு நல்ல ஓவியம் இருக்கிறது. ஹூக்குக்கு அவர் காலத்தில் வரைந்த ஒரு படம்கூட உறுதியாகக் கிடையாது. இணையத்தில் அவர் பெயரில் சுற்றும் தாடிக்காரர் வான் ஹெல்மாண்ட் என்ற வேறொரு வேதியியலாளர். தக்கைச் சீவலின் படத்தை ஒட்டச் சொல்லுங்கள். அது அவர் கண்ணால் கண்டதை வைத்து அச்சிட்ட படம்.